கேஸ் கட்டு கொடுத்தவர் தீர்ப்பு எழுதிய கதை

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் சாலிசிட்டர்கள் ஒன்றரை லட்சத்துக்கும் மேல். பாரிஸ்டர்கள் சுமார் 17,000 பேர்தான். ஆனால் மேல் நீதிமன்றங்களின் நாற்காலிகள் இன்றும் பாரிஸ்டர்களிடமே. சட்டம் கதவைத் திறந்து முப்பது வருடங்களுக்கு மேல் ஆகியும் ஏன் இப்படி?

1999 ஜனவரி. லண்டன் வெஸ்ட்மின்ஸ்டர். குளிரைப் பொருட்படுத்தாமல் நாடாளுமன்றத்துக்கு வெளியே இரண்டு கூட்டங்கள். ஒன்றின் கையில், சிலி நாட்டில் ராணுவ ஆட்சிக் காலத்தில் காணாமல்போனவர்களின் கறுப்பு வெள்ளைப் படங்கள். மற்றொன்று, அந்த ஆட்சியை நடத்திய ஜெனரல் பினோசேவுக்கு ஆதரவாகக் கொடி பிடிக்கிறது. உள்ளே, பிரபுக்கள் சபையின் ஒரு அறையில், சாதாரண கோட் சூட்டில் ஏழு நீதிபதிகள். முன்னாள் நாட்டுத் தலைவர் ஒருவரைச் சித்திரவதைக் குற்றத்துக்காக இன்னொரு நாட்டில் விசாரிக்கலாமா? ஒரு முறை தீர்ப்புச் சொல்லி, நீதிபதிகளில் ஒருவருக்கு, வழக்கில் பங்கேற்ற ஆம்னெஸ்டி மனித உரிமை அமைப்போடு இருந்த தொடர்பு வெளிவந்து, அந்தத் தீர்ப்பே ரத்தாகி, மறுபடியும் முதலிலிருந்து நடக்கும் வாதம் அது.

சிலி அரசின் சார்பில் வாதாட எழுந்தவர் லாரன்ஸ் காலின்ஸ். வயது 57. நாட்டின் உச்சபட்ச வழக்கு மேடையில் நின்ற அவர் பாரிஸ்டர் அல்ல. ஹெர்பர்ட் ஸ்மித் என்ற லண்டன் சட்ட நிறுவனத்தின் பங்குதாரர். சாலிசிட்டர். இதே இடத்தில் சில ஆண்டுகளுக்கு முன்பு அவரைப் போன்றவருக்கு இருந்திருக்கக்கூடிய வேலை, பாரிஸ்டருக்குக் கேஸ் கட்டைத் தயார் செய்து கொடுத்துவிட்டு, அவர் பேசும்போது வாய்மூடி உட்கார்ந்திருப்பது.

மார்ச் 24 அன்று தீர்ப்பு வந்தது. ஏழில் ஆறு பேர் பினோசேவுக்கு முழு விலக்குரிமை கிடையாது என்றார்கள். சிலியின் வாதம் எடுபடவில்லை. ஆனால் அடுத்த ஆண்டே காலின்ஸ் உயர் நீதிமன்ற நீதிபதி. 2007-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம். 2009-ல் உச்ச நீதிமன்றம். தொழில் செய்துகொண்டிருந்த ஒரு சாலிசிட்டர் நேரடியாக உயர் நீதிமன்றத்துக்குப் போனது அதுவே முதல் முறை. மேலே இருந்த ஒவ்வொரு படியிலும் கால் வைத்த முதல் சாலிசிட்டரும் அவர்தான்.

இரண்டு வகை வக்கீல்கள்

நம்மூரில் வக்காலத்து போடுகிறவரே வாதாடவும் செய்வார். இங்கிலாந்தில் அப்படியில்லை. கட்சிக்காரர் முதலில் போய்ப் பார்ப்பது சாலிசிட்டரை. அவர்தான் கதையைக் கேட்பார், ஆவணங்களைத் திரட்டுவார், நோட்டீஸ் அனுப்புவார், சமரசம் பேசுவார், ஃபீஸ் வாங்குவார். வழக்கு பெரிதானால் வாதாடுவதற்கென்று ஒரு பாரிஸ்டரை அமர்த்துவார். பாரிஸ்டர் தலையில் விக், உடலில் கவுன், பேச்சில் நுணுக்கம். இங்கே சீனியர் அட்வகேட் தானே வக்காலத்து போடாமல் ஜூனியர் மூலமாக வருகிறாரே, ஏறக்குறைய அந்த ஏற்பாடு. அங்கே அதுவே இரண்டு தனித் தொழில்களாக நூற்றாண்டுகளாக இறுகிவிட்டது. (நம்மூர் சாலிசிட்டர் ஜெனரலை இதில் சேர்க்க வேண்டாம். அது அரசுப் பதவி.)

பாரிஸ்டர்களுக்கு லிங்கன்ஸ் இன், இன்னர் டெம்பிள், மிடில் டெம்பிள், கிரேஸ் இன் என்று நான்கு பழம்பெரும் சங்கங்கள். காந்தியும் நேருவும் படித்தது இன்னர் டெம்பிளில், ஜின்னா லிங்கன்ஸ் இன்னில். நம் மனத்தில் ‘சீமையில் சட்டம் படித்தவர்’ என்றாலே பாரிஸ்டர்தான். 1973-ல் வந்த ‘கௌரவம்’ படத்தில் சிவாஜியின் பாரிஸ்டர் ரஜினிகாந்த் கொதித்துப் போவதற்குக் காரணமே, தனக்கு வர வேண்டியது என்று நினைத்திருந்த ஜட்ஜ் பதவி கைநழுவியதுதான். பாரிஸ்டர் என்றால் அடுத்தது ஜட்ஜ் என்ற எதிர்பார்ப்பு அங்கிருந்து இங்கு வந்தது. சாலிசிட்டர் ஒருவர் அப்படிக் கொதிக்க வாய்ப்பே இருந்ததில்லை. அவர் கணக்கிலேயே இல்லை.

உயர் நீதிமன்றத்தில் வாதாடும் உரிமை பாரிஸ்டருக்கு மட்டும். உயர் நீதிமன்ற நீதிபதியாக வேண்டுமென்றால் பாரிஸ்டராக இருந்திருக்க வேண்டும். இந்த இரண்டு பூட்டும் ஒன்றையொன்று தாங்கி நின்றன. இரண்டையும் சேர்த்தே உடைத்தது மார்கரெட் தாட்சர் அரசு கொண்டுவந்த 1990-ம் ஆண்டின் நீதிமன்றங்கள் மற்றும் சட்டச் சேவைகள் சட்டம். தொழிற்சங்கங்களின் ஏகபோகத்தை உடைத்த கையோடு, வழக்கறிஞர்களின் ஏகபோகத்திலும் தாட்சர் கை வைத்தார். பாரிஸ்டர்கள் போட்ட கூச்சல் கொஞ்சநஞ்சமல்ல.

■ பெட்டி 1: படிப்படியாக
1971 – நீதிமன்றங்கள் சட்டம். சாலிசிட்டர்களும் ரெக்கார்டர் எனும் பகுதிநேர நீதிபதியாகி, அதன் வழியே சர்க்யூட் நீதிபதி ஆகலாம்.
1990 – உயர் நீதிமன்றங்களில் வாதாடும் உரிமையும் நீதிபதியாகும் தகுதியும் சாலிசிட்டர்களுக்குத் திறக்கப்பட்டன.
1993 – மைக்கேல் சாக்ஸ், உயர் நீதிமன்ற நீதிபதியான முதல் சாலிசிட்டர்.
1997 – லாரன்ஸ் காலின்ஸ், ஆர்தர் மேரியட் இருவரும் மூத்த வக்கீல்களுக்கான ‘குயின்ஸ் கவுன்சல்’ பட்டம் பெற்ற முதல் சாலிசிட்டர்கள்.
2006 – நீதிபதிகள் நியமன ஆணையம் வேலையைத் தொடங்கியது.
2008 – வாதாடும் சாலிசிட்டர்களும் விக் அணியலாம் என்று அனுமதி.
2009 – பிரபுக்கள் சபையிலிருந்து பிரிந்து தனி உச்ச நீதிமன்றம். அதன் முதல் நீதிபதிகளில் ஒருவர் காலின்ஸ்.

மான்செஸ்டர்காரரின் முதல் அடி

கதவு திறந்ததும் நுழைந்தவர் காலின்ஸ் அல்ல. மான்செஸ்டரில் சாலிசிட்டராக இருந்து, 1984-ல் சர்க்யூட் நீதிபதியான மைக்கேல் சாக்ஸ்தான் 1993-ல் முதலில் உயர் நீதிமன்றத்துக்கு உயர்த்தப்பட்டார். கீழிருந்து ஏறி வந்தவர். ஒன்பது ஆண்டுகள் கீழ்மட்ட பெஞ்சில் உட்கார்ந்து நிரூபித்த பிறகு கிடைத்த பதவி. ஒரு நல்ல பாரிஸ்டருக்கு அந்த ஒன்பது ஆண்டுப் பரீட்சை தேவைப்படவில்லை. அவர் கோர்ட்டிலிருந்து நேரே பெஞ்சுக்குப் போவார். இந்த வித்தியாசத்தை யாரும் சட்டத்தில் எழுதி வைக்கவில்லை. எழுதாத விதி என்பதாலேயே அது வலுவாக இருந்தது.

எழுதாத விதிகள் நிறைய இருந்தன. ஒரு காலியிடம் வந்தால், நீதித்துறைக்குப் பொறுப்பான அமைச்சராகிய லார்டு சான்சலரின் அலுவலகம் மூத்த நீதிபதிகளிடமும் மூத்த பாரிஸ்டர்களிடமும் ரகசியமாக அபிப்பிராயம் கேட்கும். ‘அவர் எப்படி?’ என்று கேட்டால் பதில் சொல்கிறவர்களுக்கு யாரைத் தெரியும்? தினமும் எதிரில் நின்று வாதாடுகிறவரைத் தெரியும். அலுவலகத்தில் உட்கார்ந்து ஒரு பெரிய வழக்கின் மொத்த வியூகத்தையும் வகுத்த சாலிசிட்டரை எங்கே தெரியப்போகிறது? 1999-ல் சாலிசிட்டர்களின் அமைப்பான லா சொசைட்டி, இந்த ரகசியக் கலந்தாலோசனையில் இனிக் கலந்துகொள்ள மாட்டோம் என்று வெளியேறியது. நம் கொலீஜியம் பற்றி இங்கே எழும் குறைகளைக் கேட்டுப் பழகியவர்களுக்கு இந்தச் சண்டை புதிதாகத் தோன்றாது. 2006-ல் நியமன ஆணையம் வந்து, விளம்பரம், விண்ணப்பம், நேர்காணல் என்று வழி மாறியது.

ஆக, காலின்ஸ் 2000-ல் நேரடியாக உள்ளே போனது பழைய முறையின் கீழ்தான். எப்படி முடிந்தது?

ஒரு புத்தகம் போட்ட பாதை

பதில் பாதி ஒரு புத்தகத்தில் இருக்கிறது. வெவ்வேறு நாடுகளின் சட்டங்கள் ஒரே வழக்கில் மோதினால் எந்த நாட்டுச் சட்டம் பொருந்தும், எந்தக் கோர்ட் விசாரிக்கலாம் என்பதைச் சொல்லும் துறையில், 1896-ல் ஏ.வி. டைசி எழுதிய நூல்தான் இன்றும் ஆதாரம். காலின்ஸ் 1987 முதல் அதன் தலைமைப் பதிப்பாசிரியர். 2006 பதிப்பில் அவருடைய பெயரே நூலின் பெயரில் ஏறியது: டைசி, மோரிஸ் அண்ட் காலின்ஸ். கேம்பிரிட்ஜின் டவுனிங் கல்லூரியிலும் நியூயார்க்கின் கொலம்பியாவிலும் படித்தவர், 1968-ல் சாலிசிட்டர், 1971-ல் பங்குதாரர். பகலில் வங்கிகளுக்கும் அரசுகளுக்கும் வழக்கு நடத்தினார். மீதி நேரத்தில் அந்தத் தடித்த புத்தகத்தைத் திருத்தினார். அவர் நீதிபதியாகும் முன்பே நீதிபதிகள் அவருடைய எழுத்தை மேற்கோள் காட்டித் தீர்ப்பு எழுதிக்கொண்டிருந்தார்கள். ரகசியமாக ‘அவர் எப்படி?’ என்று கேட்டாலும், அந்தப் பெயரைத் தெரியாது என்று யாராலும் சொல்ல முடியாது. 1997 முதல் தற்காலிக உயர் நீதிமன்ற நீதிபதியாகவும் உட்கார்ந்து பார்த்திருந்தார்.

அப்படியானால் ஒரு சாலிசிட்டருக்கு நேர்வழி திறக்க, தன் துறையின் பைபிளையே எழுதியிருக்க வேண்டுமா என்று கேட்டால், அந்தக் காலத்தில் ஏறக்குறைய அப்படித்தான். சாதாரணமான, கெட்டிக்காரரான, நியாயமான சாலிசிட்டருக்கு அந்த வழி இல்லை. சாதாரணமான, கெட்டிக்காரரான, நியாயமான பாரிஸ்டர்கள் பலர் அந்தப் பெஞ்சில் இருந்தார்கள்.

ஹெல்மெட்டும் ஹஜ் விடுதியும்

நாற்காலியில் உட்கார்ந்து அவர் செய்தது என்ன என்று பார்த்தால்தான் இந்தக் கதைக்கு அர்த்தம். இரண்டு வழக்குகளை மட்டும் எடுத்துக்கொள்வோம்.

முதலாவது, ‘ஸ்டார் வார்ஸ்’ பட ரசிகர்களுக்கு அத்துப்படியான அந்த வெள்ளை ஹெல்மெட். லண்டனை ஒட்டிய ட்விக்கன்ஹாமில் பட்டறை வைத்திருந்த ஆண்ட்ரூ எய்ன்ஸ்வர்த், 1976-ல் படத்துக்காக அவற்றைச் செய்து கொடுத்தவர். 2004-ல் அதே அச்சுகளின் வழியில் நகல்கள் செய்து விற்க ஆரம்பித்தார். லூகாஸ்ஃபிலிம் கலிஃபோர்னியாவில் வழக்குப் போட்டு, அவர் ஆஜராகாத நிலையில், 2 கோடி டாலருக்குத் தீர்ப்பு வாங்கியது. ஆனால் அவருடைய சொத்தெல்லாம் இங்கிலாந்தில். எனவே அங்கே வந்தது. ஹெல்மெட் ‘சிற்பம்’ என்றால் பதிப்புரிமை படைத்தவரின் காலம் முடிந்தும் 70 ஆண்டுகள் நீடிக்கும். இல்லையென்றால் பாதுகாப்பு எப்போதோ முடிந்துவிட்டது.

2011 ஜூலையில் உச்ச நீதிமன்றத்தின் முதன்மைத் தீர்ப்பை லார்டு வாக்கரும் லார்டு காலின்ஸும் சேர்ந்து எழுதினார்கள். ஹெல்மெட் சிற்பமல்ல, படப்பிடிப்புக்குப் பயன்படும் பொருள்; இங்கே அவர் விற்கலாம். பட்டறைக்காரருக்கு வெற்றி. ஆனால் தீர்ப்பின் மறுபாதியைத்தான் உலகெங்கும் உள்ள வக்கீல்கள் இன்றும் புரட்டுகிறார்கள். வெளிநாட்டு நிலம் பற்றிய வழக்கை இங்கிலாந்துக் கோர்ட் தொடாது என்பது 1893-லிருந்து உள்ள விதி. அதை நீட்டி, வெளிநாட்டுப் பதிப்புரிமையையும் தொடக் கூடாது என்று கீழே சொல்லியிருந்தார்கள். அது தவறு என்றது உச்ச நீதிமன்றம். இங்கிலாந்தில் வசிப்பவர் அமெரிக்கப் பதிப்புரிமையை மீறினால், அமெரிக்கச் சட்டத்தை வைத்தே இங்கிலாந்தில் விசாரிக்கலாம். எல்லை தாண்டித் திருடுகிறவர் வீட்டுக் கோர்ட்டுக்குள் ஒளிந்துகொள்ளும் வழி அடைபட்டது.

இரண்டாவது, டல்லா வழக்கு. மக்காவில் பாகிஸ்தானிய ஹஜ் பயணிகளுக்குத் தங்குமிடம் கட்டித்தர சவூதி நிறுவனம் ஒன்று 1996-ல் ஒப்பந்தம் போட்டது. கையெழுத்திட்டது பாகிஸ்தான் அரசு அல்ல. அரசின் அவசரச் சட்டத்தால் உருவான ஓர் அறக்கட்டளை. அந்த அவசரச் சட்டம் காலாவதியாக, அறக்கட்டளையும் இல்லாமல் போனது. பாரிஸில் நடுவர்கள் உட்கார்ந்து, பாகிஸ்தான் அரசே சுமார் 2 கோடி டாலர் தர வேண்டும் என்றார்கள். 2010 நவம்பரில் லண்டன் உச்ச நீதிமன்றம், அரசு அந்த ஒப்பந்தத்தில் கட்சியே இல்லை, அதனால் நடுவர் தீர்ப்பை இங்கே நிறைவேற்ற முடியாது என்றது. காலின்ஸ் தனியாக எழுதிய தீர்ப்பில், நடுவர்கள் தங்கள் அதிகாரத்தைத் தாங்களே அளந்து சொல்லிவிட்டால் கோர்ட் அதோடு நின்றுவிட வேண்டியதில்லை, முழுமையாக மறுபடி பார்க்கலாம் என்று விரிவாக நிறுவினார்.

மூன்று மாதம் கழித்து, 2011 பிப்ரவரியில், பாரிஸ் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதே நடுவர் தீர்ப்பு செல்லும் என்றது. லண்டன் பின்பற்றியதாகச் சொன்னதும் பிரெஞ்சுச் சட்டத்தைத்தான்! அன்றிலிருந்து இன்றுவரை நடுவர் மன்றச் சட்டம் கற்கும் மாணவர்களுக்கு இந்த ஜோடித் தீர்ப்புகள் கட்டாயப் பாடம். லண்டன் தீர்ப்பில் என் மனம் ஒட்டுவது அதன் முடிவில் அல்ல, அதன் அணுகுமுறையில். யார் யாருக்குக் கடிதம் எழுதினார்கள், எந்தத் தாளின் தலைப்பில், யார் கையெழுத்தில் என்று ஆவணங்களை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்க்கும் பொறுமை அதில் இருக்கிறது. முப்பது ஆண்டுகள் கேஸ் கட்டு தயார் செய்தவருக்கு அது புது வேலையாக இருந்திருக்காது.

இரண்டே ஆண்டு

உச்ச நீதிமன்றத்தில் காலின்ஸ் எத்தனை ஆண்டுகள் இருந்தார்? 2009 அக்டோபரில் கோர்ட் திறந்தது. 2011 மே மாதம் அவருக்கு 70 வயது. அன்றைய விதிப்படி ஓய்வு. இரண்டு ஆண்டுகூட நிறையவில்லை. ஓய்வுக்குப் பிறகும் அவ்வப்போது அழைக்கப்பட்டு உட்கார்ந்தார். எல்லை தாண்டிய திவால் வழக்குகளில் மிக முக்கியமான ரூபின் தீர்ப்பை 2012-ல் எழுதியதே அப்படித்தான். ஆனால் கணக்கைப் பாருங்கள். நாற்பதுகளின் நடுவில் உயர் நீதிமன்றம் போகும் பாரிஸ்டர் ஐம்பதுகளில் மேல்முறையீட்டுக்கும் அறுபதில் உச்ச நீதிமன்றத்துக்கும் போவார். 59 வயதில் முதல் படியை மிதித்தவர் மேலே போய்ச் சேரும்போது ஓய்வு வயது வாசலில் நிற்கிறது.

2022-ல் நீதிபதிகளின் ஓய்வு வயது 75 ஆக்கப்பட்டது. அந்த விதி அன்று இருந்திருந்தால் காலின்ஸ் 2016 வரை இருந்திருப்பார். அவர் ஓய்வுபெற்ற பிறகு ஒரு பத்தாண்டு தாண்டியும் சாலிசிட்டராக இருந்து வந்த வேறு ஒருவர் அந்தக் கோர்ட்டின் பன்னிரண்டு நாற்காலிகளில் அமரவில்லை. முதலாமவர் என்று எழுதும்போது மகிழ்ச்சி வருகிறது. அவரே ஒரே ஒருவர் என்று எழுதும்போது கதை வேறாகிவிடுகிறது.

பார்க்கிங் அபராதத்திலிருந்து

உச்ச நீதிமன்றத்துக்குக் கீழே உள்ள மேல் நீதிமன்றங்களுக்கு மற்ற சாலிசிட்டர்கள் வேறு வேறு வழிகளில் வந்தார்கள். ஹென்றி ஹாட்ஜ் ஏழைக் குழந்தைகளுக்காகப் போராடும் அமைப்பில் சாலிசிட்டராக இருந்தவர். 1977-ல் வட லண்டனில் இரண்டு நண்பர்களோடு சேர்ந்து சட்ட நிறுவனம் தொடங்கியவர். 2004-ல் உயர் நீதிமன்ற நீதிபதி.

கேரி ஹிக்கின்பாட்டமின் பயணம் இன்னும் சுவையானது. மெக்கென்னா நிறுவனத்தின் பங்குதாரராக இருந்தபோதே லண்டன் வாகன ஓட்டிகளின் பார்க்கிங் அபராதத் தகராறுகளைத் தீர்க்கும் பகுதிநேர அதிகாரியாக இருந்தார். பிறகு சர்க்யூட் நீதிபதி, சமூகப் பாதுகாப்பு மேல்முறையீடுகளின் தலைமை ஆணையர், 2008-ல் உயர் நீதிமன்றம், 2017-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம். ஓய்வுக்கு முன்பே பிரிட்டிஷ் வர்ஜின் தீவுகளின் அரசு நிர்வாகத்தை விசாரிக்க அனுப்பப்பட்டார். அவருடைய அறிக்கை 2022 ஏப்ரல் 29 அன்று வெளியானது. அதற்கு முந்தின நாள்தான் அந்தத் தீவுகளின் முதல்வர் போதைப்பொருள் வழக்கில் மயாமியில் கைதாகியிருந்தார்! தீவுகளின் அரசியல் சாசனத்தின் சில பகுதிகளை இரண்டு ஆண்டுகளுக்கு நிறுத்திவைக்கலாம் என்று அறிக்கை சொன்னது. தீவு மக்களின் எதிர்ப்பால் லண்டன் அந்த அளவுக்குப் போகவில்லை. பரிந்துரை மிகக் கடுமையானது என்பதே இந்தக் கட்டுரையாளரின் எண்ணமும். ஆனால் கோப்புகளுக்குள் நுழைந்து அவர் கண்டெடுத்தவற்றை யாரும் பெரிதாக மறுக்கவில்லை.

சாரா ஃபால்க் இவர்களிலிருந்து வேறுபட்டவர். ஃபிரெஷ்ஃபீல்ட்ஸ் சட்ட நிறுவனத்தில் இருபது ஆண்டுகளுக்கு அருகில் வரிச் சட்டப் பங்குதாரர். கோர்ட்டில் நின்று குறுக்கு விசாரணை செய்வது அவர் தொழிலே அல்ல. நிறுவனங்களுக்கு ஒப்பந்தம் எழுதுவதும் ஆலோசனை சொல்வதும்தான். வரித் தீர்ப்பாயத்தில் பகுதிநேரமாக உட்கார்ந்து பழகி, 2018-ல் உயர் நீதிமன்றம், 2022-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம். ‘கோர்ட்டில் வாதாடாதவர் எப்படிக் கோர்ட்டை நடத்துவார்?’ என்ற பழைய கேள்விக்கு அவர் ஒருவரே போதுமான பதில்.

அந்தக் கேள்வியை முற்றிலும் தள்ளிவிடவும் முடியாது. கொலை வழக்கில் ஜூரிக்கு முன்னால் சாட்சி தடுமாறும் கணத்தை, அங்கே பல ஆண்டுகள் நின்றவர் உடனே பிடித்துக்கொள்வார். பாரிஸ்டர்கள் சொல்லும் வாதங்களில் இது நேர்மையானது. ஆனால் மேல்முறையீட்டில் சாட்சியே வருவதில்லை. அங்கே வேண்டியது படிப்பும் எழுத்தும். வக்கீல் தொழிலை முழுநேரமாகச் செய்யாத பேராசிரியர் ஆண்ட்ரூ பரோஸ் 2020-ல் நேரே உச்ச நீதிமன்றத்துக்கே போனார். பேராசிரியருக்குத் திறக்கும் கதவு சாலிசிட்டருக்கு ஏன் கனமாக இருக்கிறது?

பூட்டு எந்தப் பக்கம்?

பாரிஸ்டர்களின் சங்கக் கூட்டும் விருந்தும் உறவும் காரணம் என்று சொல்லி முடிப்பது சுலபம். அதில் உண்மையும் உண்டு. ஆனால் இன்றைய தடை பெரும்பாலும் சாலிசிட்டர்களின் சொந்த வீட்டில் இருக்கிறது என்பதைச் சொல்லத்தான் வேண்டும்.

மேல் நீதிமன்றப் பதவிக்கு முன்னால் பகுதிநேர நீதிபதியாகச் சில ஆண்டுகள் உட்கார்ந்திருப்பது நடைமுறையில் கட்டாயம். ஆண்டுக்கு ஒரு மாதம் அளவுக்குத் தொழிலைவிட்டு விலகியிருக்க வேண்டும். பாரிஸ்டர் சுயதொழில் செய்கிறவர். அந்த மாதம் கேஸ் எடுக்காமல் இருந்துகொள்வார். சாலிசிட்டருக்கு நிறுவனம் இருக்கிறது, கூட்டாளிகள் இருக்கிறார்கள், மணிக்கணக்கில் பில் போடும் இலக்கு இருக்கிறது. ‘வாரத்தில் ஒரு நாள் தீர்ப்பாயத்தில் உட்காரப் போகிறேன்’ என்றால் கூட்டாளிகளின் முகம் சுருங்கும். நீதிபதி ஆசை வந்துவிட்டது, இவர் இங்கே நிலைக்க மாட்டார் என்ற பேச்சு கிளம்பும். தவிர, பெரிய நிறுவனத்தின் வாடிக்கையாளர் பட்டியல் நீளம். எந்த வழக்கில் உட்கார்ந்தாலும் யாரோ ஒரு வாடிக்கையாளர் குறுக்கே வருவார்.

பணம் அடுத்தது. உயர் நீதிமன்ற நீதிபதியின் ஆண்டுச் சம்பளம் 2 லட்சம் பவுண்டைத் தாண்டும். லண்டனின் முன்னணி நிறுவனங்களில் பங்குதாரர் ஒருவரின் ஆண்டு வருமானம் 10 லட்சம் பவுண்டைத் தாண்டுவது சாதாரணம். பெரிய பாரிஸ்டரும் நிறையச் சம்பாதிப்பவர்தான். ஆனால் அவருடைய உலகில் ஜட்ஜ் ஆவது தொழிலின் முடிசூட்டு. சாலிசிட்டர் உலகில் முடிசூட்டு என்பது நிறுவனத்தின் தலைமைப் பங்குதாரர் ஆவது.

2010-ல் ஜூலியா நியூபெர்கர் தலைமையிலான குழு, நீதித்துறையில் பன்மைத்தன்மை வர 53 பரிந்துரைகள் கொடுத்தது. பகுதிநேர நீதிபதிப் பணியைத் தங்களுக்கு நன்மை என்று சட்ட நிறுவனங்கள் பார்க்க வேண்டும் என்பது அவற்றில் ஒன்று. சொன்னார்கள், பெரிதாக அசைவில்லை. நியமன ஆணையத்தின் புள்ளிவிவரங்களில் வருடா வருடம் தென்படுவதும் இதுவே: விண்ணப்பிப்பவர்களில் சாலிசிட்டர்களின் பங்கைவிடத் தேர்வாகிறவர்களில் அவர்களின் பங்கு குறைவு. ஆணையத்தின் தேர்வுமுறையும் கேள்விக்குரியதுதான். ஆனால் பயிற்சிக்கே அனுப்பாத நிறுவனங்கள் முடிவைப் பற்றி மட்டும் குறைசொல்ல முடியாது.

■ பெட்டி 2: மற்ற இடங்களில்
அயர்லாந்து: 2002-ல் சட்டம் திருத்தப்பட்டு, அதே ஆண்டு மைக்கேல் பியர்ட் உயர் நீதிமன்றத்தின் முதல் சாலிசிட்டர் நீதிபதியானார்.
இலங்கை: யாழ்ப்பாணத்தார் வாயில் அப்புக்காத்து, பிரக்கிராசி என்று இரு வகுப்பாக இருந்த வழக்கறிஞர்களை 1973-ம் ஆண்டுச் சட்டம் ஒரே வகுப்பாக்கியது. எல்லோரும் சட்டத்தரணிகள்.
இந்தியா: பம்பாய், கல்கத்தா உயர் நீதிமன்றங்களின் அசல் பிரிவில் நீடித்த இந்தப் பிரிவினை 1977 ஜனவரி முதல் சட்டப்படி இல்லை. மும்பையில் சாலிசிட்டர் தேர்வு மட்டும் இன்னும் நடக்கிறது.

ஈஸ்ட் ஹாம் வரை நீளும் விளைவு

லண்டன் மேட்டுக்குடி வக்கீல்களின் பங்காளிச் சண்டையில் நமக்கென்ன என்று கேட்கலாம். ஈஸ்ட் ஹாம், வெம்ப்ளி, டூட்டிங் கடைத்தெருக்களில் நடந்தால் தமிழ்ப் பெயர்ப் பலகையோடு சாலிசிட்டர் அலுவலகங்களைப் பார்க்கலாம். இலங்கையிலிருந்து அகதியாக வந்தவர்கள் முதலில் ஏறிய படி பெரும்பாலும் அப்படியொரு மாடி அலுவலகத்தின் படிதான். அந்த அகதி மனு நிராகரிக்கப்பட்டால் மேல்முறையீடு போய்ச் சேரும் இடம் குடிவரவுத் தீர்ப்பாயம். ஹென்றி ஹாட்ஜ் 2005 முதல் சில ஆண்டுகள் அந்தத் தீர்ப்பாயத்தின் தலைவராக இருந்தார். அவர் காலத்தில், 2007-ல், இலங்கைத் தமிழர் கொழும்புக்குத் திருப்பி அனுப்பப்பட்டால் யாருக்கு ஆபத்து அதிகம் என்று எடைபோட வேண்டிய காரணிகளை அந்தத் தீர்ப்பாயம் ஒரு வழிகாட்டுத் தீர்ப்பில் வரிசைப்படுத்தியது. உடலில் தழும்பு இருக்கிறதா, பிடியாணை நிலுவையில் இருக்கிறதா, உறவினர் புலிகள் இயக்கத்தில் இருந்தாரா என்பனவெல்லாம் அந்த வரிசையில் வந்தன. எத்தனையோ குடும்பங்களின் வாழ்க்கை அந்த வரிசையில் தொங்கியது.

தீர்ப்பாயங்களில்தான் சாலிசிட்டர்களின் ராஜ்ஜியம். அங்கே நீதிபதிகளில் மூன்றில் இரண்டு பங்குக்கு அருகில் பாரிஸ்டர் அல்லாதவர்கள். சாதாரண நீதிமன்றங்களில் அது மூன்றில் ஒரு பங்கு. உயர் நீதிமன்றத்திலும் அதற்கு மேலும் ஒற்றை இலக்கச் சதவீதம். மேலே போகப்போக மெலிகிறது.

இந்த மெலிவில் இன்னொன்றும் கரைகிறது. சாலிசிட்டர்களில் பாதிக்கு மேல் பெண்கள். ஆசிய, கறுப்பின வக்கீல்களும் சாலிசிட்டர் தொழிலில்தான் எண்ணிக்கையில் பெருமளவு. முதல் தலைமுறையாகச் சட்டம் படிக்கும் குடியேறிய வீட்டுப் பிள்ளை, முதல் சில ஆண்டுகள் வருமான நிச்சயமில்லாத பாரிஸ்டர் வாழ்க்கையைவிட மாதச் சம்பளம் வரும் சாலிசிட்டர் வேலையைத்தான் தேர்ந்தெடுக்கும். நம் வீடுகளில் அப்பா அம்மா சொல்வதும் அதுதான். இருபத்திரண்டு வயதில் வீட்டு நிலைமை பார்த்து எடுத்த அந்த முடிவு, ஐம்பது வயதில் உயர் நீதிமன்றப் பெஞ்சிலிருந்து அவரைத் தள்ளி நிறுத்துகிறது.

ஹாங்காங்கில் ஒரு ராஜினாமா

காலின்ஸின் கதை லண்டனோடு முடியவில்லை. 2011-ல் ஹாங்காங் இறுதி மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் வெளிநாட்டு நீதிபதியாகச் சேர்ந்தார். 2020-ல் அங்கே தேசியப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 2022 மார்ச்சில் பிரிட்டிஷ் உச்ச நீதிமன்றத்தில் பணியில் இருந்த இரு நீதிபதிகள் ஹாங்காங் பெஞ்சிலிருந்து விலகினார்கள். காலின்ஸ் இருந்தார். 2024 மே இறுதியில் ஜனநாயகச் செயற்பாட்டாளர்கள் பதினான்கு பேர் அங்கே குற்றவாளிகள் என்று தீர்ப்பானது. ஜூன் முதல் வாரம் காலின்ஸும், அதே பெஞ்சில் இருந்த இன்னொரு பிரிட்டிஷ் நீதிபதி லார்டு சம்ப்ஷனும் ராஜினாமா செய்தார்கள்.

சம்ப்ஷன் பத்திரிகையில் நீண்ட கட்டுரை எழுதி ஹாங்காங்கைக் கடுமையாகச் சாடினார். காலின்ஸ் சொன்னது சுருக்கம்: விலகலுக்குக் காரணம் அங்குள்ள அரசியல் நிலைமை, நீதிமன்றத்தின் மீதும் சக நீதிபதிகளின் சுதந்திரத்தின் மீதும் முழு நம்பிக்கை உண்டு. போதாது என்றார்கள் சிலர். நான்கு ஆண்டு தாமதம் என்றார்கள் வேறு சிலர். அந்தக் குறையில் நியாயம் இருக்கிறது. வெளிநாட்டு நீதிபதிகளின் இருப்பே அந்த ஆட்சிக்கு நற்சான்றாகப் பயன்பட்டது. அப்போது அவருக்கு வயது 83.

இன்றைய சட்டப்படி, உயர் நீதிமன்றப் பதவிக்கு விண்ணப்பிக்க ஒரு சாலிசிட்டருக்குத் தேவை, தகுதி பெற்றபின் ஏழு ஆண்டு அனுபவம். பல தீர்ப்பாயப் பதவிகளுக்கு ஐந்தே ஆண்டு. பாரிஸ்டருக்கும் அதே கணக்கு. காகிதத்தில் இருவருக்கும் வித்தியாசமே இல்லை. ஹிக்கின்பாட்டமும் ஃபால்க்கும் செய்ததுபோல் ஒரு தீர்ப்பாயத்தில் பகுதிநேரமாக உட்கார, எத்தனை நிறுவனங்கள் தங்கள் இளம் சாலிசிட்டர்களுக்குச் சம்பளத்தோடு விடுப்புத் தருகின்றன என்பதில்தான் இனி எல்லாம் இருக்கிறது.